வவுனியாவிலிருந்து கரவன் இழுத்து வந்தது

நல்லூர்த் திருவிழாவுக்கு ஐஸ்கிறீமும் சர்பத்தும் விற்கலாம் என்று அத்தான் ஒரு பழைய கரவன் (வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் பெட்டி வண்டி) வாங்கினார். அது நின்றது வவுனியாவில். வீட்டில் புது டபிள் கப் பிக்கப் நின்றதால் இழுத்து வரும் வேலை என் தலையில் விழுந்தது. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்ட பிறகு, லீசிங்கில் எடுத்த வாகனம். மூன்றரைத் தொன் இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். "கரவன் 1,200 கிலோதானே தம்பி, கொளுவிக்கொண்டு வாவன்" என்றார் அத்தான்.

அந்த மூன்றரைத் தொன், இழுபடுவதற்கும் பிறேக் இருந்தால்தான். பிறேக் இல்லாததென்றால், வாகனத்தின் கையேட்டின்படி, 750 கிலோதான். நல்ல காலம், இந்தக் கரவனுக்குப் பிறேக் இருந்தது. முன்னால் போகும் வாகனம் மெதுவாக, கரவன் வந்து தள்ளும். அந்தத் தள்ளலிலேயே அதன் பிறேக் பிடிக்கும். துருப்பிடித்து இறுகிக் கிடந்த பிறேக் கம்பியை விற்றவர் மாற்றித் தந்த பிறகுதான் மிச்சக் கதை பேசினேன். புது வாகனம் முதல் 800 கிலோமீற்றருக்கு எதையும் இழுக்கக் கூடாது என்றும் கையேட்டில் இருந்தது. அதை ஓடி முடிக்க, தீவுப்பக்கச் சொந்தக்காரர் எல்லாரையும் போய்ப் பார்த்தேன். அவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

கரவனின் கொளுவி, கப்பின் பின்னால் பூட்டும் 50 மில்லிமீற்றர் இரும்புப் பந்துக்கானது. கராஜில் முதலில் எடுத்து வைத்தது 47.6. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பூட்டினால் பூட்டவும் செய்யும். ஒரு குழியில் விழுந்து எழும்பினால் கழன்றுவிடும். வேர்னியர் வைத்து அளந்து மாற்றுவித்தேன். கொளுவிய பிறகு கரவனின் முன்சில்லு ஜக்கைச் சுற்றி உயர்த்திப் பார்க்க வேண்டும். கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் பூட்டியது உறுதி.

பெரிய வேலை பாரத்தில்தான். பந்தின்மேல் அழுத்தும் பாரம் கரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் இருக்க வேண்டும். குறைந்தால் கரவன் வாலை ஆட்டும். கூடினால் கப்பின் முன்சில்லு இலேசாகி ஸ்ரேறிங் சொன்னபடி கேட்காது. பக்கத்து நெல்லுக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசை இரவல் வாங்கி, கொளுவிப் பக்கத்தை அதன்மேல் இறக்கினோம். 45 கிலோ! முந்திய சொந்தக்காரர் பிரீசரையும் தண்ணீர்த் தாங்கியையும் சில்லுக்குப் பின்னால் பொருத்தியிருந்தார். தாங்கியை வெறுமையாக்கி, பிரீசரைக் கழற்றி முன்னுக்குத் தள்ளி, பெல்ற் போட்டு இறுக்கி, 140 கிலோவுக்குக் கொண்டு வந்தோம். அத்தானின் முகம் கோணிவிட்டது. "ஒரு நாள் ஓட்டத்துக்கு இவ்வளவும் வேணுமே?"

கிளிநொச்சி வரை சொல்ல ஒன்றுமில்லை. 60க்கு மேல் போகாமல், இடம் கண்ட இடத்தில் ஒதுங்கிப் பின்னால் வருபவர்களுக்கு வழி விட்டபடி வந்தோம். ஆனையிறவில்தான் சோழகக் காற்று தன் வேலையைக் காட்டியது. இரண்டு பக்கமும் வெட்டவெளி, இடப்பக்கத்திலிருந்து காற்று, கரவனோ பெட்டி மாதிரி நெடுஞ்சுவர். அந்த நேரம் பார்த்து ஒரு சொகுசு பஸ் முந்தியது. கரவன் முதலில் இடப்பக்கம் தள்ளுப்பட்டு, பிறகு பஸ்ஸை நோக்கி இழுபட்டு, கண்ணாடியில் இரண்டு தரம் ஆடியது தெரிந்தது. கால் தானாகப் பிறேக்குக்குத்தான் போகப் பார்க்கும். மிதிக்கக் கூடாது. ஸ்ரேறிங்கை நேராகப் பிடித்தபடி அக்சிலறேற்றரை மட்டும் விட்டேன். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. அந்த 45 கிலோவோடு வந்திருந்தால் உப்பளத்துக்குள் இறங்கியிருப்போம். அத்தான் பரந்தனில் வாங்கிய கச்சான் பையை மடியில் வைத்தபடி, சாவகச்சேரி வரை வாயே திறக்கவில்லை.

ஆனையிறவை விட எங்கள் ஒழுங்கைதான் என்னை வேர்க்க வைத்தது. றிவேர்சில் போக, ஸ்ரேறிங்கின் அடியைப் பிடித்து, கரவனின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் சரி. ஆனால் சித்தப்பா "வலம்! வலம்!" என்று கத்த, அயல்வீட்டு அக்கா "என்ர வேலி, என்ர வேலி" என்று கத்த, எது வலம் என்பதே மறந்துபோகும். இரண்டு கதியால் சரிந்தது, பிறகு நட்டுக் கொடுத்தோம். கழற்றுவதற்கு முதல் சில்லு இரண்டுக்கும் கல் வைத்து, மணலில் புதையாமல் கரவனின் முன்சில்லுக்குக் கீழே ஒரு பலகையும் போட்டோம்.