ஜெனரேட்டர் இல்லாமல் ஒரு பாட்டு விழா நடத்திய கதை

கோத்தகிரி பக்கம் எங்கள் ஊரில் வருடா வருடம் இளைஞர்கள் சேர்ந்து ஒரு பாட்டு விழா நடத்துவோம். போன வருடம் வரை மேடைக்குப் பின்னால் ஒரு டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி பாட்டு, பாதி புகை. இந்த முறை முழுக்க சோலாரில் நடத்தினோம். மலையில் வேறு யாராவது இப்படிச் செய்ய நினைத்தால் உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

முதல் எதிர்ப்பு ஊர்ப் பெரியவர் ஒருவரிடமிருந்து வந்தது. "பைக்காராவுல 1932லயே தண்ணியில கரண்ட் எடுத்த ஜில்லா இது. அந்தப் பக்கம் குந்தாவுலயும் தண்ணி கரண்ட்தான். நம்ம கரண்டே சுத்தமான கரண்ட்தானே தம்பி, இதுல புதுசா என்ன?" நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே உற்பத்தியாவது நேராக நம் வீட்டுக்கு வருவதில்லை, நிலக்கரி, காற்றாலை எல்லாவற்றோடும் கிரிட்டில் கலந்துதான் வருகிறது. அதைவிட முக்கியம், விழாவை நாம் ஒருநாளும் ஈ.பி. கரண்டில் நடத்தியதே இல்லை. பாதியில் போய்விடும் என்ற பயத்தில் டீசலைத்தான் நம்பினோம். இதைச் சொன்னதும், "சரி செய்ங்க, நின்னு போச்சுன்னா எங்கிட்ட வரக் கூடாது" என்றார்.

தேதி குறிப்பதற்குள் ஒரு மாதம் போய்விட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. கோத்தகிரி, குன்னூர் பக்கம் அதுதான் கொட்டும். ஜனவரியில் உறைபனி. வாடகைக்கு வரும் லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது. மார்ச் தொடங்கினால் பிளஸ் டூ பரீட்சை, அப்போது ஸ்பீக்கர் கட்டினால் பெற்றவர்களே அடிக்க வருவார்கள். ஏப்ரல், மே சீசன் நெரிசல். மிச்சம் இருந்தது பிப்ரவரி. காவல் நிலையத்தில் அனுமதி வாங்கப் போனபோது முதலில் கேட்டதும் பரீட்சையைத்தான். கூம்பு ஸ்பீக்கர் கட்ட மாட்டோம், இரவு பத்து மணிக்கு மேல் விதிப்படியே கூடாது என்பதால் ஒன்பதரைக்கு முடிப்போம் என்று எழுதிக் கொடுத்தோம். அதற்கும் மூன்று நடை.

உண்மையான வேலை மைக் செட் அண்ணனோடுதான் இருந்தது. "15 கேவிஏ ஜெனரேட்டர் வேணும் தம்பி, சோலார்லாம் செல்போனுக்குத்தான்" என்று அடித்துச் சொன்னார். (கேவிஏ என்பது ஜெனரேட்டர், இன்வெர்ட்டரின் திறனைச் சொல்லும் அளவு, கிலோவாட் மாதிரி.) எதற்கு 15 என்று உட்கார்ந்து கணக்குப் போட்டால், அதில் பெரும்பகுதி விளக்கு. ஆயிரம் வாட் ஹாலஜன் பன்னிரண்டு! அதை எடுத்துவிட்டு எட்டு எல்இடி பார் லைட் போட்டதில் மொத்தமே 800 வாட்தான் வந்தது. ஸ்பீக்கர் மீது 4,000 வாட் என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் பாட்டு என்பது ஏறி இறங்குவது, சராசரியாக அந்த எண்ணில் எட்டில் ஒரு பங்குதான் இழுக்கும். வயரைக் கவ்வி எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும் என் கிளாம்ப் மீட்டரை மாட்டி, அவருக்குப் பிடித்த பாட்டையே சத்தமாகப் போட்டுக் காட்டினேன். மிக்ஸர், கீபோர்டு எல்லாம் சேர்த்து 700 வாட்டைச் சுற்றியே முள் ஆடியது. மீட்டரைக் கையில் வாங்கி இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

மதியம் இரண்டிலிருந்து இரவு ஒன்பதரை வரை ஒலிக்கு ஐந்தேகால் யூனிட், ஆறு மணிக்கு மேல் விளக்குக்கு 2.8. வீணாவதையும் சேர்த்து ஒன்பது யூனிட் என்று வைத்துக்கொண்டோம். கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்கு 540 வாட் பேனல் ஆறு, 48 வோல்ட் 100 ஏஎச் பேட்டரி இரண்டு (சேர்ந்து 9.6 யூனிட்), 3 கேவிஏ இன்வெர்ட்டர் ஒன்று. நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு நாலு யூனிட் தரும். முந்தின நாளே நிரப்பி வைத்துவிட்டோம். மலையில் இதுதான் முக்கியம், விழா அன்றைய வெயிலை நம்பவே கூடாது.

நாங்கள் செய்த முட்டாள்தனம் பேனலைத் தேயிலைத் தோட்ட ஓரமாக, சில்வர் ஓக் மரங்களுக்குக் கிழக்கே வைத்தது. இரண்டரை மணிக்கே மரத்து நிழல் இரண்டு பேனல் மேல் சாய்ந்தது. எல்லாம் ஒரே வரிசையாக இணைத்திருந்ததால் இரண்டில் நிழல் விழுந்தாலும் மொத்தமும் இறங்குகிறது. ஒரு வாரம் முன்னாடியே குச்சி நட்டு நிழல் பார்த்திருக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து, ஒவ்வொன்றும் இருபத்தேழு கிலோ, பேனலைத் தூக்கி மாற்றி வைத்து முடித்த நேரத்தில் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. டிஸ்பிளேயில் 180 வாட். சிரிப்புதான் வந்தது.

அந்தக் குளிரில் தப்பட்டை அடிக்க வந்தவர்கள் மேடைக்குப் பின்னால் சுள்ளி கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஈரத்தில் தோல் தொய்ந்து தொப்பென்று ஒலித்தது, ஐந்து நிமிடம் அனல் காட்டி விரலால் சுண்டினால் டண் என்கிறது.

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, ஒரு பெண் பாடிக்கொண்டிருக்கும்போது, எல்லாம் அணைந்தது. பேட்டரியில் 44 சதவீதம் இருந்தது, அப்புறம் ஏன்? டார்ச் அடித்துக்கொண்டு வயரைத் தொடர்ந்து போனால், டீக்கடை அக்கா மேடைப் பின்னால் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 1,500 வாட் கெட்டிலைச் சொருகியிருக்கிறார். இன்வெர்ட்டர் தாங்குவது 2,400 வாட், ஏற்கெனவே 1,500 ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு பிளக்கு காலியா இருந்துச்சே கண்ணு" என்றார், அவரைக் குறை சொல்ல முடியாது, நாங்கள் ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இருட்டில் பெரியவர் குரல் மட்டும் கேட்டது: "ஈ.பி.க்குப் போன் போடுங்கடா!" கெட்டிலைப் பிடுங்கி இன்வெர்ட்டரைத் திரும்ப ஓட்ட மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் தப்பட்டைக்காரர்கள் அடித்தார்கள், கூட்டம் வட்டம் கட்டி ஆடியது, விளக்கு வந்தபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பதரைக்கு முடித்தபோது பேட்டரியில் 21 சதவீதம் மிச்சம்.

மறுநாள் காலை பனி சொட்டச் சொட்டப் பேனல்களைக் கழற்றி லாரியில் ஏற்றினோம். மைக் செட் அண்ணன் வந்து பேட்டரி வாடகைக்காரர் நம்பரைக் கேட்டார், அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறாராம். கிளாம்ப் மீட்டரையும் இரண்டு நாளைக்கு என்று வாங்கிப் போனார். இன்னும் வரவில்லை.