காரைக்குடிக் கூடலில் ஒரு கருவி அரங்கு

உரிமம் பெற்று வானொலி அலைகளில் பிறரோடு பேசுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட அமெச்சூர் வானொலி ஆர்வலர்களுக்காகக் காரைக்குடியில் நடந்த கூடலில், கருவி விற்பனையாளர் ஒருவரின் அரங்கை விட்டு என்னால் எளிதில் நகர முடியவில்லை. பேசவும் கேட்கவும் உதவும் ஐகாம் ஐசி-7300 வானொலிக் கருவியின் தொடுதிரையில் 40 மீட்டர் பேண்டின் (7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையின்) சமிக்ஞைகள் அருவிபோல் இறங்கிக்கொண்டிருக்க, குமிழை மெல்லத் திருப்பியதும் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் தெளிந்து வந்தது. "லைசென்ஸ் வச்சிருக்கீங்களாண்ணே?" என்று கேட்ட பின்னரே அந்த விற்பனையாளர் விலையைப் பேசினார்; அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது.

நான் வாங்கியதோ செப்புக் கம்பியும் பீங்கான் இன்சுலேட்டர்களும்தான். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கான அரை அலைநீள டைபோல் ஆண்டெனாவுக்குச் சுமார் 20 மீட்டர் கம்பி வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இடங்கொள்ளாத அந்த நீளம், முகப்பு, வளவு, பின்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து மறுதெரு வரை நீளும் செட்டிநாட்டு வீட்டின் ஓட்டுக்கூரைக்கு மேல் தாராளமாக அடங்கும். நடுவில் கேபிளை ஆண்டெனாவோடு இணைப்பதற்கான 'பாலன்' (balun) என்ற சிறு கருவியையும் அவரே பார்த்துத் தேர்ந்து கொடுத்தார்.