சூளை போவதற்கு முன்

மார்ச் 4
மாதக் கடைசியில் சூளையைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அதற்குள் ஒரே ஒரு சூடு போடலாம். கோப்பைகள் ஒருமுறை சுட்டு, கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடி மாதிரி படியும் பூச்சு) பூசித் தயார். பெரிய ஜாடி இன்னும் சுடாத பச்சை மண். வருஷக்கணக்காகச் சூளை சுடும் குயவர் ஒருவரிடம், இரண்டையும் சேர்த்துச் சுடலாமா என்று கேட்டேன். "ரெண்டையும் ஒண்ணா வைக்கவே கூடாது" என்றார். ஏன் என்றேன். "எத்தனை வருஷமா சுடறேன், சொன்னா கேளு."

இது பதிலா?

மார்ச் 5
ஜாடியின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். இன்னும் ஜில்லென்றுதான் இருக்கிறது, உள்ளே ஈரம் போகவில்லை.

மார்ச் 7
தூக்கம் பிடிக்கவில்லை. அந்தக் "கூடாது"வைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன்.

பச்சைப் பாத்திரத்தில் ஈரம் மிச்சமிருந்தால், நூறு டிகிரியைத் தாண்டும்போது ஆவியாகி வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் சுவரைப் பிளக்கும். தெறிக்கும் சில்லு பக்கத்துக் கோப்பையில் விழுந்தால், கிளேஸ் உருகும்போது அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இந்தப் பயம் நியாயமானது. ஆனால் நன்றாகக் காயவைத்து, மெதுவாகச் சூடேற்றினால் தடுக்கக்கூடியது. அப்புறம் புகை. மண்ணில் இருக்கும் கரியும் கந்தகமும் எரிந்து வெளியேற வேண்டும். காற்றுக்கு வழியில்லாமல் மூடிவைத்தால் கிளேஸ் கெடலாம். சூளையின் காற்றுத்துளையைத் திறந்தே வைத்து, கிளேஸ் உருகத் தொடங்குவதற்குள் அதைப் போகவிட்டால்? பச்சைப் பாத்திரத்தைத் தனியாகச் சுடும்போதும் அதைத்தானே செய்கிறோம்.

குரோம் கலந்த பச்சை நிற கிளேஸுக்குப் பக்கத்தில் வெள்ளீயம் சேர்த்த வெள்ளை கிளேஸை வைத்தால், வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடலாம். இரண்டுமே கிளேஸ் பூசியவைதான். அவற்றைச் சேர்த்து வைக்கக் கூடாதென்று அவர் சொல்லவே இல்லை.

மார்ச் 8
காலையில் பிடிபட்டது. அவர் காலமெல்லாம் சுட்டது ஸ்டோன்வேர், அதிகச் சூட்டில் கல் மாதிரி இறுகும் பாண்டம், 1280 டிகிரி. அந்தச் சூட்டில் பச்சைப் பாத்திரம் ஒரேயடியாக இறுகிவிடும், அப்புறம் கிளேஸை உறிஞ்சாது. செம்மண்ணாக இருந்தால் உப்பி, சரிந்தே போகும். அவர் சூளைக்கு அவர் சொன்னது சரி. என் கிளேஸ் 04 கோனில் (கோன் என்பது சூளைச் சூட்டைக் காட்டும் கூம்பின் எண்) உருகுவது, சுமார் 1060 டிகிரி. ஜாடியின் செம்மண்ணுக்கும் அதே சூடு போதும். ஜாடிக்கு நான் கிளேஸ் பூசப்போவதும் இல்லை.

இதை விளக்கமாக எழுதி அனுப்பினேன். பதில் இல்லை.

மார்ச் 11
மழை. ஜாடி காயவில்லை.

மார்ச் 12
மழை.

மார்ச் 16
கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியவில்லை. போதுமா? ஜாடியின் வாய் விளிம்பு தடிமனான இடத்தில் இன்னும் சந்தேகம்.

அவரிடமிருந்து ஒரு வரி: "உன் இஷ்டம்." நாள் முழுக்க அது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. எனக்கு அவர் அனுமதி வேண்டாம், காரணம்தான் வேண்டும். நான் அவரை மதிப்பதால்தான் கேட்கிறேன் என்று ஏன் புரியவில்லை?

மார்ச் 19
அடுக்கினேன். ஜாடி கீழ்த்தட்டில், கோப்பைகள் மேலே. ஈரப் பஞ்சால் ஒவ்வொரு கோப்பையின் அடியையும் துடைத்தேன். நகக்கண்ணில் வெள்ளைத் தூள். பச்சைப் பாத்திரங்கள் ஒன்றையொன்று தொட்டால் பாதகமில்லை. கிளேஸ் பூசியவற்றுக்கு நடுவே விரல் நுழைய இடம் விட்டேன். ஜாடிக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் ஒரே ஒரு கோப்பையை மட்டும் வேண்டுமென்றே வைத்தேன்.

இரவு முழுக்க நூறுக்குக் கீழே. துளை திறந்திருக்கிறது. அதன் மேல் பிடித்த கண்ணாடியில் ஆவி படிகிறது.

மார்ச் 20
விடியற்காலை. கண்ணாடியில் ஆவி இல்லை. ஏற்றுகிறேன். 573 டிகிரியில் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று விரியும், அங்கே நிதானமாகப் போக வேண்டும். இறங்கும்போதும் அப்படித்தான்.

மார்ச் 22
ஜாடி முழுசாக வந்திருக்கிறது! தட்டினால் கணீரென்கிறது.

மேல்தட்டில் இரண்டு கோப்பைகளில் ஊசித்துளைகள். "சொன்னேனே" என்பார். ஆனால் ஜாடியை ஒட்டி இருந்த கோப்பை பளிங்கு மாதிரி இருக்கிறது, ஒரு துளைகூட இல்லை. புகைதான் காரணம் என்றால் முதலில் கெட்டிருக்க வேண்டியது அதுவல்லவா? அந்த இரண்டிலும் கிளேஸ் கொஞ்சம் தடிப்பு. கிளேஸ் பூசுவதற்கு முன் போட்ட முதல் சூட்டில் கரி முழுசாகப் போகாமலும் இருந்திருக்கலாம். அதே வாளி கிளேஸை மெல்லிசாகப் பூசி, பச்சைப் பாத்திரம் எதுவும் இல்லாமல் ஒருமுறை சுட்டுப் பார்க்க வேண்டும். யாருடைய சூளையிலாவது இரண்டு கோப்பைக்கு இடம் கேட்க வேண்டும். அவரிடமே கேட்கலாமா