சித்தப்பா சொல்லாமல் இருந்த ராத்திரி

மிளகு பறிப்பு நேரத்தில் ஏற்காட்டில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் காபியை நீட்டியவர் என் முகத்தைப் பார்க்காமலே, "ஒரு விஷயம் கண்ணு, சித்திகிட்டச் சொல்லிடாத" என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் களத்தில் மிளகை அள்ளிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. பி.எம். கிசான் தவணை நிற்கப்போகிறது, உடனே கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) முடியுங்கள் என்று. விவசாயிகளுக்கு மத்திய அரசிடமிருந்து வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிற பணம். பயந்துபோய்க் கீழே இருந்த ஃபைலைத் தொட்டுவிட்டார். பச்சை நிறத்தில் நெற்கதிர் படம், பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று மூன்று எழுத்து. அது விண்ணப்பப் படிவம் இல்லை, செயலி. எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். கார்டு எண் கேட்டது, அதையும் கொடுத்தார். அப்புறம் யாரும் போன் போட்டு ஓ.டி.பி. கேட்கவே இல்லை. வந்த ஓ.டி.பி. எல்லாம் நேராக அவர்களுக்கே போய்விட்டதே!

ராத்திரி எட்டு மணிக்குக் கணக்கிலிருந்து 9,500 ரூபாய் போனது. பத்தரைக்கு 8,000. விடிந்ததும் 12,000.

அந்த மூன்றாவது தொகைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எட்டு மணிக்கே அவருக்குத் தெரியும். "இத்தனை வயசுல ஏமாந்துட்டேன்னு சொல்ல வாய் வரல" என்றார். போன வருடம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இதே மாதிரி ஏமாந்தபோது நாங்கள் எல்லோரும் அவரைக் கேலி பேசினோம். சித்தப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

அவர் போனில் நெட்டை அணைத்துவிட்டு, என் போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்தோம். வங்கி, கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் கேட்டார்கள். அடுத்து ஏ.டி.எம். கார்டின் பின்பக்க எண்ணுக்கு அழைத்துக் கார்டை முடக்கினோம். காலையில் போன 12,000 மட்டும் அது போய்ச் சேர்ந்த கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது. மற்ற இரண்டும் ராத்திரியே கைமாறிவிட்டன.

ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், வங்கியிடம் புகார் சொன்ன பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் வீட்டில் யாராவது தயங்கித் தயங்கிச் சொல்ல வந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். முதலில் போனை எடுங்கள்.

சித்தியிடம் நான்தான் சொன்னேன். சித்தி எதுவும் பேசவில்லை. அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, சமையலறைக் கதவில் பெரிதாக 1930 என்று எழுதினார்.