பெட்ஃபோர்டில் படித்த இரண்டாம் பாகம்

இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்த எங்கள் பேட்ச்சில் எனக்கு வந்த ஊர் பெட்ஃபோர்டு. மற்றவர்கள் கூகுளில் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் சிறுவயதிலேயே தெரியும். ‘மோட்சப் பிரயாணம்’ கதையை எழுதிய ஜான் பன்யன் சிறையில் கிடந்த ஊர்.

பாளையங்கோட்டைப் பக்கம் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ வீடுகளில் வேதாகமத்துக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் அடுத்தபடியாக இருப்பது ‘மோட்சப் பிரயாணம்’தான். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அந்தக் கதையைத் தழுவித்தான் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். 1894-ல் வந்த காப்பியம். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர், 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். குடும்ப ஜெபத்தில் அப்பா அதிலிருந்து செய்யுள் சொல்வார். எனக்குத் தூக்கம் வரும். கதை மட்டும் பிடிக்கும்.

அந்தக் கதையிலும் ஓர் இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. முதுகில் பாரத்தோடு கதாநாயகன் கிறிஸ்தியான் ஊரை விட்டு ஓடுகிறான். மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வா என்று அழுகிறார்கள். அவனோ காதில் விரலை வைத்துக்கொண்டு, ‘ஜீவன், ஜீவன், நித்திய ஜீவன்’ என்று கத்தியபடி ஓடுகிறான். விசுவாசம் என்றால் இப்படித்தான், திரும்பிப் பார்க்கக் கூடாது, அழக் கூடாது என்று ஓய்வுநாள் பள்ளியில் படித்தது மனதில் பதிந்துவிட்டது.

மகளை அத்தையிடம் விட்டுவிட்டு நான் முதலில் கிளம்பினேன். ஓஸ்கி என்ற நர்ஸ் செய்முறைத் தேர்வு பாஸாகி, நர்ஸாகப் பதிவான ‘பின்’ (PIN) நம்பர் வந்து, வாடகைக்கு வீடு பிடித்த பிறகுதான் என் வீட்டுக்காரரும் மகளும் வர முடியும். அதுவரை நாலு நர்ஸுகள் சேர்ந்திருந்த வீட்டில் ஓர் அறை. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். சாப்பாட்டுக்குப் பெரிய கஷ்டமில்லை. பஞ்சாபிகள் நிறைய இருக்கும் ஊர், முருங்கைக்காய்கூடக் கிடைத்தது. செங்கல் சூளை வேலைக்கு 1950-களில் வந்த இத்தாலியர்களின் குடும்பங்களும் இங்கே ஏராளம். ‘எந்த ஊர்க்காரி’ என்று யாரும் முறைத்துப் பார்க்கவில்லை. ராத்திரி வீடியோ காலில் மகள் அழும்போதுதான் கிறிஸ்தியானின் விரல் ஞாபகம் வரும். எனக்குக் காதை மூடத் தெரியவில்லை. விசுவாசம் போதாதோ என்று பயமாக இருந்தது.

ஒரு லீவு நாளில் பன்யன் மியூசியத்துக்குப் போனேன். அங்கே ஒரு ஜாடி வைத்திருக்கிறார்கள். பார்வையற்ற மகள் மேரி அப்பாவுக்குச் சிறைக்கு சூப் கொண்டுபோன ஜாடி என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அலங்காரம் எதுவும் இல்லாத, சமையலறையில் கிடக்கிற சாதாரண ஜாடி. பார்வை இல்லாத ஒரு பிள்ளை சூடான சூப்போடு தெருவில் நடந்து வருவதை நினைத்தபடி அதன் முன்னாலேயே நின்றுவிட்டேன்.

அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்யனை 1660-ல் பிடித்தார்கள். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டிருப்பார்கள். சொல்லவில்லை; 12 வருஷம் உள்ளே. குடும்பச் செலவுக்குச் சிறையிலேயே உட்கார்ந்து லேஸ் கயிறு செய்து விற்றார். அங்கிருந்து எழுதி 1666-ல் வெளியிட்ட தன் வரலாற்றில், மனைவி பிள்ளைகளைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதுபோல இருந்தது என்கிறார். அதிலும் அந்தப் பார்வையற்ற பிள்ளைதான் நெஞ்சுக்கு மிக நெருக்கம். அவள்மேல் காற்று படுவதைக்கூடத் தன்னால் தாங்க முடியாதே, அவள் பிச்சை எடுப்பாளோ, அடி வாங்குவாளோ என்று புலம்புகிறார்.

காதில் விரல் வைத்த ஆளைப் படைத்தவர் இவர்தான். தன் பிள்ளையின் குரலை ஒரு நாளும் மறக்காத மனுஷன். எனக்கு அன்றைக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம்தான் இரண்டாம் பாகத்தைத் தேடினேன். எங்கள் வீட்டுப் பிரதியில் முதல் பாகம் மட்டும்தான் இருந்தது. ஒரு சாரிட்டி கடையில் இரண்டும் சேர்ந்த பழைய புத்தகம் அகப்பட்டது. முதல் பாகம் 1678-ல் வந்தது, இரண்டாவது 1684-ல். இதில் கிறிஸ்தியானின் மனைவியே நாலு பையன்களையும் பக்கத்து வீட்டு இளம்பெண்ணையும் கூட்டிக்கொண்டு அதே வழியில் கிளம்புகிறாள். (குடும்பத்தாரைக் கூட்டிவரும் டிபெண்டன்ட் விசா என்று நினைத்துச் சிரித்தேன்.) துணைக்கு ஒரு வீரன் வருகிறான். நடை மெதுவானது. வழியில் தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், பையன்களுக்குக் கல்யாணம்கூட ஆகிறது. மூத்தவன் எதிரியின் தோட்டத்துப் பழத்தைத் தின்று வயிற்றுவலியில் துடிக்க, வைத்தியர் மாத்திரை தருகிறார்: வெறும் வயிற்றில், ஒரு வேளைக்கு மூன்று, மனந்திரும்புதலின் கண்ணீரோடு. கண்ணீருக்கு அளவுகூடக் குறித்துத் தருகிறார். மருந்துச் சீட்டைத் தினமும் சரிபார்க்கிறவளுக்கு இது பிடிக்காமல் போகுமா?

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது பயந்தாங்குளி ஒருவன். அவன் கதையை அந்த வீரன்தான் சொல்கிறான். வழியில் வரும் முதல் சேற்றிலேயே ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தானாம். வாசல் வரை வந்தும் தட்டத் துணியாமல், பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழி விட்டு நடுங்கிக்கொண்டு நின்றானாம். சிங்கத்துக்கும் சந்தைக்காரர்களுக்கும் அவன் பயப்படவில்லை. கடைசியில் தன்னை ஏற்றுக்கொள்வார்களா என்பதுதான் பயம். அவனை யாரும் திட்டுவதில்லை. சாவு நதிக்கு அவன் வந்த அன்று, தண்ணீர் அதுவரை இல்லாத அளவுக்கு வற்றியிருந்தது. கால் மட்டும்தான் நனைந்தது.

எங்கள் பக்கத்துக் கன்வென்ஷன் மேடைகளில் பயத்தை அதட்டித் துரத்துவார்கள். பயப்படுகிறவனுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரே போடு. அந்தப் பிரசங்கங்களில் எனக்கு இப்போது மனம் ஒட்டவில்லை. பயந்துகொண்டே நடக்கிறவனுக்காக ஆற்றையே வற்ற வைக்கிற தேவனை எனக்குக் காட்டியது பன்யன் என்ற 17-ஆம் நூற்றாண்டுப் பாத்திரக் கொல்லர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மில் தெருவில் பன்யன் பெயரிலுள்ள சபைக்குப் போகிறேன். வெண்கலக் கதவில் கதையின் 10 காட்சிகள்; 1876-ல் வைத்தது. உள்ளே பெரும்பாலும் நரைத்த தலைகள், தாழ்ந்த குரலில் ஜெபம். கைதட்டிப் பாடிப் பழகிய எனக்கு முதலில் சப்பென்றிருந்தது. இப்போது அந்த அமைதி பழகிவிட்டது. கீர்த்தனை பாட ஆசை வந்தால் லண்டன் பக்கம் தமிழ் ஆராதனைக்கு ரயில் ஏறிவிடுவேன்.

அவரும் மகளும் போன கோடையில் வந்து சேர்ந்தார்கள். இரவு ஜெபத்தில் இரண்டாம் பாகத்தைத் தினம் இரண்டு பக்கம் வாசிக்கிறேன், வாசிக்க வாசிக்கத் தமிழில் சொல்லிவிடுவேன். மகளுக்கு வைத்தியரும் மாத்திரையும் வந்த இடம் உயிர். இன்னொரு தடவை சொல்லு என்கிறாள். அவருக்கு இன்னும் வேலை அமையவில்லை. ஊரில் பதினைந்து பேரை வைத்து வேலை வாங்கியவர், இங்கே இன்டர்வியூ என்றாலே ராத்திரி தூக்கமில்லை. பயந்தாங்குளியின் கதைக்கு இன்னும் சில பக்கங்கள் இருக்கின்றன. உங்களுக்காகத்தான் என்று சொல்லாமல் சும்மா வாசித்துவிட வேண்டும்.