ஸ்ட்ராம்லோ மலையில் ஒரு பிற்பகல்

போன மாதம் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பரா போயிருந்தபோது மவுண்ட் ஸ்ட்ராம்லோ வானாய்வகத்துக்குப் போய்வந்தேன். யேல்-கொலம்பியா தொலைநோக்கி இருந்த கட்டிடத்தில் இப்போது வட்டச் சுவர் மட்டும்தான் நிற்கிறது. கூரை கிடையாது. உள்ளே நின்று சுவரைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தேன். ஒளியியல் கருவிகளைப் பூட்டிச் சரிபார்ப்பதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. அதனால் அந்தச் சுவரை என்னால் வெறும் சுவராகப் பார்க்க முடியவில்லை.

2003 ஜனவரி 8-ஆம் தேதி மின்னலால் பற்றிய காட்டுத்தீ, பத்து நாள் கழித்து 18-ஆம் தேதி சனிக்கிழமை, வெயிலும் வெறிக்காற்றும் சேர்ந்தபோது நகரத்துக்குள் புகுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 500 வீடுகள் போயின. மலையைச் சுற்றி அப்போது பைன் தோட்டம். தீ அதில் ஏறியதும் மேலே இருந்த எதற்கும் தப்ப வழியில்லை. குவிமாடங்கள் அலுமினியம், 660 டிகிரியில் உருகிவிடும். ஐந்து தொலைநோக்கிகள், பட்டறை, பழைய நிர்வாகக் கட்டிடம், ஊழியர்கள் குடியிருந்த வீடுகள் என்று எல்லாம் ஒரே பிற்பகலில் போய்விட்டன.

எரிந்தவற்றில் ஒன்று, 1868-இல் டப்ளினில் தாமஸ் கிரப் செய்த பெரிய மெல்போர்ன் தொலைநோக்கி. 1990-களில் அதற்குப் புதுக் கண்ணாடியும் கேமராவும் பொருத்தி, நம் பால்வீதிக்குப் பக்கத்திலுள்ள மாகெல்லன் மேகம் என்ற சிறு விண்மீன் கூட்டத்து நட்சத்திரங்களை லட்சக்கணக்கில் இரவுக்கு இரவு கண்காணித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் குறுக்கே போகும்போது, அதன் ஈர்ப்பால் பின்னாலுள்ள நட்சத்திரம் சில வாரம் பிரகாசமாகித் தணியும். அதை 1993-இல் பிடித்துக் காட்டியது நூறு வயது தாண்டிய இந்தக் கிழம்தான். அதன் வார்ப்பிரும்புப் பாகங்கள் தீயைத் தாங்கிவிட்டன. அவற்றை மெல்போர்னுக்கே கொண்டுபோய், பழையபடி இயங்க வைக்கப் பாடுபடுகிறார்கள்.

ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது பட்டறையில் எரிந்த நிஃப்ஸ் என்ற நிறமாலைமானியை நினைத்தபோதுதான். ஹவாயில் இருக்கும் ஜெமினி வடக்குத் தொலைநோக்கிக்காகச் செய்தது. வேலை கிட்டத்தட்ட முடிந்து, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. வானத்தில் 3 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) சதுரத் துண்டை 29 கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொரு கீற்றின் ஒளியையும் தனித்தனியே நிறமாலையாகப் பிரித்துக் காட்டும் கருவி அது. வெட்டுவது மெல்லிய கண்ணாடிகளின் அடுக்கு. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும். ஒரு கண்ணாடி மயிரிழை பிசகினாலும் படம் கலைந்துவிடும். இதையெல்லாம் கடுங்குளிரில் இயங்கும்படி அமைக்க வேண்டும். சாதாரண அறையில் சரியாக உட்கார்ந்த கண்ணாடி, குளிர்ந்ததும் சுருங்கி நகரும். திறந்து, திருத்தி, மூடி, மறுபடி குளிரவைத்து, மறுபடி பார்த்து... வாரங்கள் ஓடும். இந்த வேலை செய்தவர்களுக்குத்தான் அது எரிந்தால் என்ன போகிறது என்று புரியும்.

அதே குழு, பீட்டர் மெக்ரிகர் தலைமையில், அதை மறுபடி முதலிலிருந்து செய்தது. விண்வெளிக் கருவிகள் செய்யும் கான்பராவின் ஆஸ்பேஸ் நிறுவனம் கைகொடுத்தது. 2005-இல் நிஃப்ஸ் ஹவாய் போய்ச் சேர்ந்துவிட்டது. பட்டறையே சாம்பலான பிறகு இரண்டே முக்கால் வருஷத்துக்குள்! என் அனுபவத்தில் இதற்கு நிகரான ஒன்றை நான் பார்த்ததில்லை.

சரி, தொலைநோக்கிகளை அதே மலையில் திரும்பக் கட்டியிருக்க வேண்டாமா என்று உடன் வந்த நண்பர் கேட்டார். வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். கான்பராவின் விளக்கு வெளிச்சம் அந்த வானத்தை ஏற்கெனவே கெடுத்திருந்தது. மலையில் கருவிகள் செய்யும் புதிய கூடத்தைக் கட்டிவிட்டு, 1.35 மீட்டர் ஸ்கைமேப்பர் தொலைநோக்கியை நியூ சவுத் வேல்ஸின் இருட்டான சைடிங் ஸ்பிரிங்கில் நிறுவினார்கள். இரும்பின் சுவடே தென்படாத ஒரு பழம்பெரும் நட்சத்திரத்தை 2014-இல் உலகுக்குக் காட்டியது அதுதான். எரிந்த இடத்திலேயே கட்டியே தீருவோம் என்று நின்றிருந்தால் அது கிடைத்திருக்குமா?

சைடிங் ஸ்பிரிங்குக்கும் தீ வந்தது. 2013 ஜனவரி 13. விருந்தினர் விடுதியும் சில வீடுகளும் எரிந்தன, தொலைநோக்கிகள் தப்பின. ஸ்ட்ராம்லோவில் பட்ட அடிக்குப் பிறகு, கட்டிடங்களைச் சுற்றி மரஞ்செடிகளை அகற்றி, பறந்துவரும் தீக்கங்கு இடுக்கு வழியே உள்ளே நுழையாதபடி அடைத்து வைத்திருந்தார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள், எங்கள் கூடத்தின் அலமாரியைத் திறந்தேன். வரைபடங்கள் கணினியில் இருக்கின்றன, நகலும் வேறிடத்தில் இருக்கிறது. எந்தத் திருகை எவ்வளவு திருப்பினோம், குளிர்ந்தபோது எந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதெல்லாம் பதினோரு நோட்டுப் புத்தகங்களில், பென்சிலில். எல்லாம் ஒரே மர அலமாரியில். இந்த வாரம் நான்கு நோட்டுகளை ஸ்கேன் செய்து முடித்துவிட்டேன். இன்னும் ஏழு இருக்கிறது.