தோட்டம் கைமாறுனா எந்தச் சட்டம்? எல்லாமே ஓசியிலதான் கெடக்கு

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம் கைமாறப் போவுதுன்னு பேச்சு கெளம்புனா போதும், சாப்பாட்டுக் கடையில இருந்து கோயில் கமிட்டி கூட்டம் வரைக்கும் ஆளாளுக்கு ஒரு சட்டம் சொல்லுவாங்க. இருபது வருசம் ஒரே வீட்டுல இருந்தா அது நமக்கே சொந்தமாயிடும்னு ஒருத்தர், புது மொதலாளி வந்துட்டா பழைய சர்வீஸெல்லாம் போச்சின்னு இன்னொருத்தர், கையெழுத்துப் போட்டா காசு, போடலன்னா ஒன்னும் இல்லன்னு மூனாவது ஆளு. எங்க படிச்சீங்க அண்ணேன்னு கேட்டா எல்லாரும் சொல்றாங்கம்மான்னு பதில் வரும். எனக்கு இதுல உள்ள கோவமே என்னன்னா அந்தச் சட்டம் முழுக்க ஒரு காசு செலவில்லாம நம்ம கையில இருக்கற போன்லயே படிக்கலாம், படிக்காமயே ரெண்டு தலமொறையா நம்ம ஆளுங்க நெறைய விட்டுக் குடுத்துட்டாங்க.

தேடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிஞ்சிருக்கணும். இது மத்திய அரசாங்கத்து விசயமா, மாநில விசயமா? நம்ம அரசியலமைப்புச் சட்டத்துல கடைசியில ஒன்பதாவது அட்டவணைன்னு ஒன்னு இருக்கு, அதுல மூனு பட்டியல், ஒன்னு மத்திய அரசுக்கு, ஒன்னு மாநிலத்துக்கு, ஒன்னு ரெண்டு பேருக்கும் பொது. வேலை, சம்பளம், சொக்சோங்கற தொழிலாளர் காப்புறுதி, யூனியன் இதெல்லாம் மத்தியப் பட்டியல். நிலமும் ஊராட்சி மன்றமும் மாநிலப் பட்டியல். இத ஒரு தடவ படிச்சிட்டா பாதி அலைச்சல் மிச்சம், ஏன்னா தோட்டம் விக்கறப்போ ஒரே வீட்டுக்குள்ள ரெண்டும் வந்து உக்காந்துக்கும். அப்பாவோட வேலைக் காசு லேபர் ஆபீஸ் விசயம், கோயில் நிக்கற நிலம் தானா ஆபீஸ், அதாவது நில அலுவலகத்து விசயம். நம்ம ஜனங்க சம்பளப் பிரச்னைய தூக்கிக்கிட்டு மாநில சட்டமன்ற உறுப்பினரோட ஆபீசுல காத்திருப்பாங்க, நிலப் பிரச்னைக்கு லேபர் ஆபீஸ்ல நிப்பாங்க, ரெண்டு எடத்துலயும் இங்க இல்லன்னு அனுப்பிடுவாங்க, ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

சரி, மத்திய சட்டம் எங்க இருக்கு. அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தோட சட்டத் தளம் ஒன்னு இருக்கு, கூகுள்ல எல்ஓஎம் ஏஜிசின்னு அடிச்சாலே மொதல்ல வந்துரும். பேரோ ஆக்ட் நம்பரோ போட்டா மலாய்லயும் இங்கிலீஷ்லயும் பிடிஎஃப் கெடைக்கும், பதிவு பண்ண வேணாம், காசு கட்ட வேணாம். தோட்டத்து ஆளுங்க மனப்பாடமா வச்சிக்க வேண்டிய நம்பர் ரெண்டு, வேலைச் சட்டம் 1955 அது ஆக்ட் 265, தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் 1990 அது ஆக்ட் 446. கவுண்டர்ல போயி "அக்தா 265" அப்படின்னு நம்பரோட சொல்லிப் பாருங்க, பேசற தொனியே மாறும்.

பக்கத்து லயத்துப் பெரியம்மா ஒருத்தங்க ஒரு லெட்டர் கொண்டாந்தாங்க, அவங்க வேலை செய்யிற தோட்டத்த வேற கம்பெனி வாங்குது, இதுல கையெழுத்துப் போடுன்னு ஆபீஸ்ல குடுத்துருக்காங்க. "படிச்சிப் பாத்து சொல்லும்மா, நான் போடலாமா வேணாமா" அப்படின்னாங்க. 22 வருச சர்வீஸ். நாங்க ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து ஆக்ட் 265ஐ தொறந்தோம். 12வது செக்‌ஷன்ல நோட்டீஸ் கணக்கு இருக்கு, ஒப்பந்தத்துல நோட்டீஸ் பத்தி எழுத்துல ஒன்னும் இல்லன்னா ரெண்டு வருசத்துக்குக் கம்மின்னா நாலு வாரம், ரெண்டுல இருந்து அஞ்சு வருசத்துக்குள்ளன்னா ஆறு வாரம், அஞ்சும் அதுக்கு மேலயும்னா எட்டு வாரம், ஆளக் கொறைக்கறதாலயோ கம்பெனி கைமாறறதாலயோ நிப்பாட்டுனா இதுக்குக் கொறைய குடுக்கவே முடியாதுன்னும் அதுலயே இருக்கு. ஆனா நஷ்ட ஈடு எவ்ளோன்னு தேடுனா ஆக்ட்டுக்குள்ள எங்கயுமே நம்பர் கெடைக்காது. இங்கதான் பாதிப் பேரு சட்டத்துல ஒன்னும் இல்லப்பான்னு மூடி வச்சிடறாங்க. 60ஜே செக்‌ஷன நிதானமா படிச்சா அமைச்சர் இதுக்கு விதிமுறை போடலாம்னு இருக்கும், அப்படிப் போட்டதுதான் 1980ஆம் வருசத்து வேலை நீக்க நஷ்ட ஈட்டு விதிமுறைகள், அது தனி பிடிஎஃப், மனிதவள அமைச்சுக்குக் கீழ இருக்கற தீபகற்ப தொழிலாளர் துறையோட தளத்துலயே தேடிப் பாக்கலாம். அதுல 6வது விதியில தெளிவா இருக்கு, ரெண்டு வருசத்துக்குக் கம்மின்னா வருசத்துக்கு 10 நாள் சம்பளம், அஞ்சு வருசத்துக்குள்ள 15 நாள், அஞ்சும் அதுக்கு மேலயும்னா 20 நாள். பெரியம்மாவுக்கு 22ஐ 20ஆல பெருக்கினா 440 நாள் சம்பளம். அந்த ஒரு நாள் சம்பளமும் மொட்ட அடிப்படைச் சம்பளம் இல்ல, கடைசி பன்னெண்டு மாசத்துச் சராசரி.

அதோட நிக்காம 8வது விதியையும் படிக்கணும், கைமாறற தோட்டத்துக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும். புது மொதலாளி ஏழு நாளைக்குள்ள, பழசுக்குக் கொறையாத நிபந்தனையில வேலை குடுக்கறேன்னு சொல்லி, நாம நியாயமான காரணம் இல்லாம வேணாம்னு சொன்னா நஷ்ட ஈடு கெடையாது. ஏத்துக்கிட்டா பழைய சர்வீஸும் சேந்தே ஓடும், விட்டுப் போவாது. புது மொதலாளி அப்படிக் கூப்புடவே இல்லன்னா பழையவரும் புதியவரும் ரெண்டு பேருமே பொறுப்பு. அதனால பெரியம்மா கேட்ட கேள்விக்கு, லெட்டர்ல நிபந்தனை பழசுக்குச் சமமா இருக்கா, 22 வருச சர்வீஸ் எழுதியிருக்கா, இதப் பாக்காம கையெழுத்து வேணாம்ங்கறதுதான் பதில். அந்த ரெண்டு வரியையும் மலாய்ல எழுதி வாங்கிட்டு வரச் சொன்னேன், பெரியம்மா மறுநாளே போயி கேட்டுட்டாங்க, அவங்க தைரியம் யாருக்கும் வராது.

இன்னொன்னு ரொம்ப முக்கியம், தேதி. நெட்ல சுத்தற பழைய பிடிஎஃப் நெறைய இருக்கு, மொகப்புல எந்தத் தேதி வரைக்கும் திருத்துனதுன்னு போட்டிருக்கும், அதப் பாக்காம உள்ள போகக் கூடாது. உதாரணம், வாரத்துக்கு 48 மணி நேரம், பிரசவ லீவு 60 நாள்னு இன்னும் சொல்றவங்க இருக்காங்க. 2022ல திருத்தி, 2022 செப்டம்பர் ஒன்னுல இருந்துன்னு மொதல்ல அறிவிச்சி, அப்பறம் தள்ளி வச்சி, 2023 ஜனவரி ஒன்னுல இருந்துதான் 45 மணி நேரமும் 98 நாளும் நடப்புக்கு வந்துச்சி. நாடாளுமன்றத்துல பாஸாயிட்டா ஒடனே சட்டம்னு நெனைக்கக் கூடாது, எந்த நாள்ல இருந்துன்னு கெஸட்ல, அதாவது அரசிதழ்ல வரணும். அந்த ஃபெடரல் கெஸட்டும் ஓசிதான், அதே அலுவலகத்தோட இன்னொரு தளம். அதுல பியு ஏ, பியு பி அப்படின்னு ரெண்டு வகை இருக்கும், விதிமுறை, சம்பள உத்தரவு எல்லாம் ஏ, தேதி குறிக்கற அறிவிப்பு எல்லாம் பி. 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்ச சம்பளம்கூட தனி உத்தரவாத்தான் வந்துச்சி, ஆக்ட்டுக்குள்ள தேடுனா நம்பர் கெடைக்காது.

தமிழ்ல தேடறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீங்க நஷ்ட ஈடு தொழிலாளர் சட்டம்னு தமிழ்ல அடிச்சா வர்றதுல முக்கால்வாசி தமிழ்நாட்டுச் சட்டம், வீடியோவுல பேசறவரு நல்லாத்தான் பேசுவாரு, ஆனா அது நமக்கு ஒத்து வராது. சாட்பாட்ல கேட்டாலும் அப்படித்தான், இல்லாத செக்‌ஷன் நம்பரக்கூட அழகா சொல்லிரும், அது குடுத்த நம்பர எல்ஓஎம்ல போயி கண்ணால பாத்தாதான் நம்பணும். சபா, சரவாக்ல வேலை செய்யிற சொந்தக்காரங்களுக்கும் ஆக்ட் 265ஐ அனுப்பாதீங்க, அங்க ரெண்டு எடத்துக்கும் தனித்தனி தொழிலாளர் சட்டம்.

இப்ப நிலத்துக்கு வருவோம். நிலம் மாநிலத்து விசயம்தான், ஆனா தீபகற்பம் பூரா ஒரே மாதிரி இருக்கணும்னு நாடாளுமன்றமே போட்ட சட்டம் தேசிய நிலச் சட்டம், கானுன் தானா நெகாரா, 1965ல வந்தது, இப்ப ஆக்ட் 828. அதனால அதுவும் எல்ஓஎம்லயே இருக்கு, நடத்தறது மட்டும் மாநில அரசாங்கம். இதுல 214ஏ செக்‌ஷன தோட்டத்து ஆளுங்க எல்லாரும் படிக்கணும், 40 ஹெக்டருக்குக் கொறையாத தோட்ட நிலத்த கைமாத்தறதுக்கு தோட்ட நில வாரியத்தோட அனுமதி வேணும்னு சொல்லுது. அடுத்து 341, எத்தன வருசம் அடுத்தவங்க நிலத்துல குந்தியிருந்தாலும் அதனால மட்டும் அது நமக்குச் சொந்தமாயிடாதுன்னு அடிச்சிச் சொல்லுது, இருபது வருசக் கதை அதோட முடிஞ்சிச்சி. கேக்க கசப்பாத்தான் இருக்கு. ஆனா கோயிலுக்கோ வீட்டுக்கோ எழுத்துல ஒன்னு வாங்கணும்னு அவசரம் வர்றது இதப் படிச்சப்பறம்தான்.

மாநிலத்தோட சொந்தச் சட்டம் தேடறதுதான் கஷ்டம், உண்மையிலயே மனசு வலிக்கற எடம் இது. ஒவ்வொரு மாநிலமும் நில விதிகள்னு தனியா வச்சிருக்கு, கட்டணம், ஃபாரம் எல்லாம் அதுல. மத்திய சட்டம் மாதிரி ஒரே எடத்துல கெடைக்காது, ஒரு மாநிலம் போடும், இன்னொன்னு போடாது, போட்டதும் பழசா இருக்கும். மாநில இஸ்லாமியச் சட்டங்க மட்டும் இ-ஷரியா தளத்துல மாநிலவாரியா ஒழுங்கா அடுக்கியிருக்காங்க, அப்படி நிலத்துக்கும் செய்ய முடியாதா என்ன? இப்போதைக்கு வழி, மாநில அரசாங்கத்துத் தளம், நில கனிமவள அலுவலகத்துத் தளம் ரெண்டையும் பாத்துட்டு, கெடைக்கலன்னா தானா ஆபீஸ் கவுண்டர்ல எந்த விதி, எந்த வருசம்னு கேட்டு எழுதிக்கிட்டு வர்றதுதான்.

தீர்ப்புகளும் ஓசியில இருக்கு. நீதித்துறைத் தளத்துல பெரிய கோர்ட்டுத் தீர்ப்பெல்லாம் தேடலாம், தொழில் நீதிமன்றம் தன்னோட தீர்ப்புகள தன் தளத்துலயே போடுது, காமன்லீன்னு ஒரு பொதுத் தளத்துலயும் மலேசியத் தீர்ப்பு இருக்கு. அநியாயமா வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்கன்னா மட்டும் படிச்சிக்கிட்டே உக்காந்துராதீங்க, தொழில் உறவுச் சட்டம் 1967, 20வது செக்‌ஷன், 60 நாளைக்குள்ள புகார் குடுத்தாகணும், வேலைக்குத் திரும்பக் கேக்கற உரிமை 61வது நாள் இல்ல.

வீட்டுல லைன் இல்லாதவங்க, நாடி சென்டர்ங்கற அரசாங்க இன்டர்நெட் மையம் பக்கத்துல இருந்தா அங்க போங்க, முன்ன பேடின்னு சொல்லுவாங்களே அதான். வேண்டிய பக்கத்த மட்டும் மலாய்ல பிரின்ட் எடுத்து, செக்‌ஷனுக்கு மேல கோடு போட்டு, சம்பளச் சீட்டோட சேத்து லேபர் ஆபீசுக்குக் கொண்டு போங்க. சம்பளம், நஷ்ட ஈடு பாக்கிய அங்கயே ஆக்ட் 265ஓட 69வது செக்‌ஷன்படி விசாரிப்பாங்க, வக்கீல் கட்டாயம் இல்ல. அதுக்கு மேல போற கேஸுன்னா வருமானம் கம்மியா உள்ளவங்களுக்கு அரசாங்கத்தோட சட்ட உதவித் துறை, ஜபாத்தான் பந்துவான் குவாமான் இருக்கு, வக்கீல் மன்றத்தோட சட்ட உதவி மையமும் இருக்கு, பிரின்ட் எடுத்த அந்தத் தாள அங்கயும் கையோட கொண்டு போங்க.

ஆக்ட் 446 பத்தி, வீடு, தண்ணி, பிள்ளைங்கள பாத்துக்கற ஆயாக் கொட்டகை யாரு பொறுப்புன்னு செக்‌ஷன் செக்‌ஷனா தனியா எழுதறேன், இதுலயே சேத்தா ரொம்ப நீண்டு போயிடும்.